பூதப்பாண்டி வயலுக்கு ஒரு நிறமாலைக் கிளிப்

வடசேரியில் இன்வெர்ட்டர், யுபிஎஸ் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். விவசாயம் எனக்குத் தொழில் இல்லை. ஆனால் அம்மாவின் அண்ணன், என் பெரிய மாமா, பூதப்பாண்டிக்குக் கீழே ஒரு ஏக்கர் நெல் பயிரிடுகிறார். மூன்று கண்டம்: நாற்பது சென்ட், முப்பத்தைந்து சென்ட், மடைக்குத் தள்ளி இருபத்தைந்து சென்ட். ஒவ்வொரு பூவிலும், அதாவது ஒவ்வொரு நெல் பருவத்திலும், மேலுரம் போடும் நேரம் வந்தால் வரப்பில் நின்று அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "மக்கா, இதுக்கு இனி யூரியா வேணுமா வேண்டாமா?" கேட்பது என்னிடம் அல்ல, பயிரிடம். பதில் வராது. பக்கத்து வயல்காரர் போட்டுவிட்டார் என்று தெரிந்ததும் இவரும் போட்டுவிடுவார்.

கூடுதலாகப் போட்டால் நஷ்டம் மூட்டை விலையோடு நிற்பதில்லை. தழைச்சத்து, அதாவது யூரியா தரும் நைட்ரஜன், மிஞ்சின பயிருக்கு இலைச்சுருட்டுப் புழு வரும், குலை நோய் வரும், கடைசியில் கதிர் பிடித்த பிறகு ஒரு மழைக்குச் சாய்ந்துவிடும். குறைத்துப் போட்டால் தூர் கட்டாது. இந்த நடுவழியை அளந்து சொல்ல ஒரு கருவி செய்ய முடியுமா என்று போன ஆடியில் தொடங்கினேன். இரண்டு பூ கடந்து இப்போது ஓரளவு வேலை செய்யும் ஒன்று கையில் இருக்கிறது. அதைச் செய்த விதத்தை, தவறான வழிகளையும் சேர்த்து, எழுதி வைக்கிறேன். இதேபோல் முயல்பவருக்கு அந்தத் தவறான வழிகள்தான் அதிகம் உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில் எதை அளக்கிறோம் என்று தெளிவாக வேண்டும். இந்தக் கருவி தழைச்சத்தை நேராகப் பார்ப்பதே இல்லை. அது பார்ப்பது பச்சையத்தை. பச்சைய மூலக்கூறு ஒவ்வொன்றிலும் ஒரு மக்னீசியத்தைச் சுற்றி நான்கு நைட்ரஜன் அணுக்கள் உண்டு. அது சிறிய பங்குதான். ஆனால் நெல் இலையில் உள்ள தழைச்சத்தின் பெரும்பகுதி பச்சையம் இருக்கும் அதே பசுங்கணிகங்களுக்குள், புரதமாக இருக்கிறது. அதனால் தழைச்சத்து குறைந்தால் பச்சையமும் குறைகிறது, இலை வெளிறுகிறது. விவசாயியின் கண் காலங்காலமாகப் பார்ப்பதும் இதைத்தான். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய இலை வண்ண அட்டையும் இதே அடிப்படையில் வேலை செய்கிறது. நம் வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைப்படி நட்ட 14-ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, காலை எட்டு முதல் பத்து மணிக்குள், பத்து இடங்களில் இலையை அட்டையோடு ஒப்பிட வேண்டும். பத்தில் ஆறு, 4 என்ற நிறத்துக்குக் கீழே இருந்தால் தழைச்சத்து இடலாம். வெள்ளைப் பொன்னி மாதிரி ரகங்களுக்கு அந்த வரம்பு 3.

அட்டை நல்லதுதான். மாமா கண்ணுக்கும் என் கண்ணுக்கும் 3-க்கும் 4-க்கும் நடுவில் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். அவருக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, மற்றதில் இனிதான் எடுக்க வேண்டும்.

இலையிலிருந்து திரும்பி வரும் ஒளியை அலைநீளம் பிரித்துப் பார்த்தால் ஒரு அழகான வடிவம் கிடைக்கும். நீலத்தையும் சிவப்பையும் பச்சையம் விழுங்கிவிடுகிறது. 550 நானோமீட்டர் பக்கம் பச்சையில் ஒரு சிறு மேடு. 680-இல் பள்ளம். 750-ஐத் தாண்டியதும் பச்சையத்துக்கு அங்கே வேலை இல்லை. இலைக்குள் இருக்கும் செல்களும் காற்று இடைவெளிகளும் ஒளியைச் சிதறடித்து ஏறக்குறைய பாதியைத் திருப்பி அனுப்பிவிடும். 680-இன் பள்ளத்துக்கும் 750-க்குப் பிறகு வரும் மேட்டுக்கும் நடுவில் செங்குத்தான ஒரு ஏற்றம் இருக்கிறது. அதைச் சிவப்பு விளிம்பு என்பார்கள். பச்சையம் கூடக் கூட அந்த ஏற்றம் நீண்ட அலைநீளப் பக்கம் நகரும். ஆகவே ஏற்றத்தின் நடுவில், 730-இல், நின்று பார்த்தால் பச்சையம் கூடும்போது எதிரொளிப்பு குறைவது தெரியும். 680-இல் நின்று பார்த்தால் பயன் குறைவு. கொஞ்சம் பச்சையம் இருந்தாலே அங்கே ஒளி முழுவதும் விழுங்கப்பட்டுவிடுவதால், நடுத்தரப் பச்சைக்கும் கரும்பச்சைக்கும் வித்தியாசம் தெரியாது. இது எனக்கு ஆடி மாதத்தில் தெரியாமல் போனதுதான் முதல் இழப்பு.

ஆடியில் கன்னிப்பூ நின்றது. கன்னி மாதத்தில், அதாவது நம் புரட்டாசியில், அறுவடைக்கு வருவது கன்னிப்பூ. கும்ப மாதமான மாசியில் வருவது கும்பப்பூ. ஏஎஸ்7341 என்ற சென்சார் வாங்கினேன். எட்டு நிறங்களும் ஒரு அகச்சிவப்பும் படிக்கும், விரல்நுனி அளவு சில்லு. அதை ஒரு மூங்கில் கம்பின் நுனியில் கட்டி, பயிருக்கு ஒரு மீட்டர் மேலே பிடித்து, 680-ஐயும் அகச்சிவப்பையும் வைத்து என்டிவிஐ என்ற பசுமைக் குறியீட்டைக் கணக்குப் போட்டேன். செயற்கைக்கோள்களில் எல்லாம் பயன்படும் குறியீடு ஆயிற்றே என்ற தைரியம்.

ஒன்றும் சரியாக வரவில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்றில் பயிர் ஒரு நொடி கிழக்கே சாயும், மறு நொடி நிமிரும். சாயும்போது இலை தெரியும், நிமிரும்போது நடுவில் கிடக்கும் தண்ணீர் தெரியும். மேலே மேகம் ஓடிக்கொண்டே இருக்கிறது. வெயில் வந்ததும் சென்சாரின் எண் 65535-இல் போய் முட்டி நிற்கும், அதற்கு மேல் அதால் எண்ண முடியாது. உணர்திறனைக் குறைத்து வைத்தால், மேகம் வந்ததும் எண் அடியில் கிடக்கும். தூர் வெடித்துப் பயிர் மூடிக்கொண்ட பிறகோ, நல்ல இடமும் வெளிறின இடமும் ஒரே எண்ணைக் காட்டின. தாடகை மலைக்கு அடியில் இரண்டு வாரம் கம்பைப் பிடித்து நின்று கிடைத்த எண்களை அப்படியே விட்டுவிட்டேன்.

செயற்கைக்கோள் படமே போதாதா என்று ஒரு நண்பர் கேட்டார். சென்டினல்-2 இலவசம், அதில் 705, 740 என்று சிவப்பு விளிம்புக்கே தனிப் பட்டைகள் உண்டு, ஐந்து நாளுக்கு ஒருமுறை வருகிறது. உண்மை. ஆனால் அந்தப் பட்டைகளில் ஒரு புள்ளி என்பது இருபதுக்கு இருபது மீட்டர், அதாவது ஏறக்குறைய பத்து சென்ட். மாமாவின் கடைசிக் கண்டம் இரண்டரைப் புள்ளி. அதிலும் வரப்பும் தென்னையும் கலந்துவிடும். கும்பப்பூவுக்கு மேலுரம் போடும் ஐப்பசி, கார்த்திகையில் இங்கே வானம் மூடியே கிடக்கும். பெரிய பரப்புக்கு அது நல்ல வழி. இந்த ஒரு ஏக்கருக்கு இலையைக் கையில் பிடிப்பதுதான் சரி என்று முடிவு செய்தேன்.

சரி, காற்றையும் மேகத்தையும் ஒதுக்க வேண்டுமானால் இலையை மூடிய பெட்டிக்குள் கொண்டுவர வேண்டும், வெளிச்சத்தை நாமே தர வேண்டும். ஜப்பானின் ஸ்பாட் என்ற பச்சைய மீட்டர் அப்படித்தான் செய்கிறது: இலையைக் கவ்விக்கொண்டு 650-இலும் 940-இலும் ஒளியை ஊடுருவ விட்டு அளக்கும். அதன் விலை எனக்கு எட்டவில்லை. நான் எதிரொளிப்பை எடுத்துக்கொண்டேன். சென்சாரை ஏஎஸ்7265எக்ஸ் என்பதற்கு மாற்றினேன். ஒரே பலகையில் மூன்று சில்லுகள், ஒவ்வொன்றிலும் ஆறு அலைநீளம், ஆக மொத்தம் பதினெட்டு. 410-இல் தொடங்கி 940 வரை. 705, 730, 760, 810 எல்லாம் அதில் உண்டு. செலவில் பெரும்பகுதி இதற்கே போனது.

அந்தப் பலகையிலேயே மூன்று எல்இடி இருக்கும். வெள்ளை ஒன்று, 875 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒன்று, ஊதா ஒன்று. அதுவே போதும் என்று பெட்டியை மூடி, இலையை வைத்து, எல்இடியை எரிய விட்டேன். 560-இல் நல்ல எண் வந்தது. 730-இல் ஏறக்குறைய ஒன்றுமே வரவில்லை. சென்சார் கெட்டுவிட்டதோ என்று பயந்து ஒருநாள் முழுதும் ஒயரையும் சாலிடரையும் சோதித்தேன். கோளாறு அங்கே இல்லை. வெள்ளை எல்இடி என்பது நீல எல்இடி மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியது; கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தருவதற்காகவே செய்தது. 700-ஐத் தாண்டினால் அதில் ஒளி மிகக் குறைவு. அகச்சிவப்பு எல்இடியோ 875-ஐச் சுற்றி மட்டும். நடுவில் 720 முதல் 820 வரை, எனக்கு வேண்டிய இடத்தில், இருட்டு.

இருபது வருஷமாக எல்இடிதான் எதிர்காலம் என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்லி வந்தவன், பழைய இழை பல்பைத் தேடிப் போனேன். சூடான டங்ஸ்டன் இழை சிவப்பிலும் அகச்சிவப்பிலும் தடையில்லாமல் ஒளி தரும். வீட்டுக்கு அது வீண்செலவு, இந்த வேலைக்கு அதுதான் மருந்து. டூவீலர் உதிரிபாகக் கடையில் கிடைக்கும் 12 வோல்ட் 10 வாட் இண்டிகேட்டர் பல்பு போதும். ஆனால் இழை பல்பில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மின்னழுத்தம் கொஞ்சம் குறைந்தாலும் வெளிச்சம் மட்டுமல்ல, அதன் நிறமும் மாறிவிடும், இன்னும் சிவப்பாகும். பேட்டரியில் நேராக மாட்டினால் காலையில் எடுத்த எண்ணும் மதியம் எடுத்த எண்ணும் ஒப்பிடவே முடியாது. பழைய லேப்டாப் பேட்டரிகளிலிருந்து எடுத்த நான்கு 18650 செல்களைத் தொடராக இணைத்து, நடுவில் மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் ஒரு பக் கன்வெர்ட்டர் வைத்து, பல்புக்கு எப்போதும் 10 வோல்ட் மட்டும் போகும்படி செய்தேன். எரிய விட்டு இரண்டு நொடி காத்து, அப்புறம் அளவு எடுத்து, உடனே அணைத்துவிடும். தொடர்ந்து எரிந்தால் குழாய் சூடாகும், சென்சாரும் சூடாகும், எண் நகரும். சில்லின் வெப்பநிலையையும் ஒவ்வொரு அளவோடும் பதிவு செய்கிறேன்.

பெட்டி என்று நான் சொல்வது இரண்டு அங்குல பிவிசி குழாய்த் துண்டும் ஒரு மூடியும்தான். மேலே சென்சார், பக்கவாட்டில் 45 டிகிரி சாய்வில் பல்பு, கீழே இலை. குழாய் முழுவதும் ஒரு பெரிய துணி கிளிப் மாதிரி கீழ்த்தட்டோடு கீல் வைத்து இணைந்திருக்கும். இலையை நடுவில் வைத்து விட்டால் கவ்விக்கொள்ளும்.

இப்போது எண்கள் வந்தன, ஆனால் ஒரே இலையை நான்கு முறை வைத்து எடுத்தால் நான்கு விதமாக வந்தன. 705-ஐயும் 810-ஐயும் வைத்துக் குறியீடு போட்டுக்கொண்டிருந்தேன். நாலைந்து நாள் மண்டையைக் குடைந்த பிறகு, சென்சாரின் விவரத்தாளில் எந்த அலைநீளம் எந்தச் சில்லில் என்ற அட்டவணையைப் பார்த்தேன். 705 ஒரு சில்லில், 810 வேறொரு சில்லில். பலகையில் அவை தள்ளித் தள்ளி அமர்ந்திருக்கின்றன. இரண்டரை சென்டிமீட்டர் தூரத்திலிருந்து பார்க்கும்போது ஒன்று இலையைப் பார்க்கிறது, இன்னொன்று இலையின் ஓரத்தையும் பின்னால் இருக்கும் தட்டையும் சேர்த்துப் பார்க்கிறது. நெல் இலை அகலம் ஒரு சென்டிமீட்டர்தானே. வாழை இலையாக இருந்தால் இந்தப் பிரச்சினை தெரிந்தே இருக்காது.

அதே அட்டவணையில் விடையும் இருந்தது. 610, 680, 730, 760, 810, 860 ஆகிய ஆறும் ஒரே சில்லில், ஏஎஸ்72651-இல். ஆகவே மற்ற இரண்டு சில்லுகளையும் மறந்துவிட்டேன். இந்த ஒன்றை மட்டும் குழாயின் மையத்துக்குக் கொண்டுவந்து, கீழே சிறிய துளை போட்ட தகரத் தட்டு ஒன்றை வைத்தேன். இலை அந்தத் துளையை முழுவதும் மறைக்கும். நடு நரம்பை விட்டு ஒருபக்கமாக வைக்க வேண்டும். வெளிச்சம் குறைந்துபோனதால் சென்சாரின் பெருக்கத்தை 64 மடங்குக்கு ஏற்றினேன். நான்கு முறை வைத்தாலும் எண் இப்போது மிக நெருக்கமாக வந்தது. பதினெட்டு அலைநீளத்துக்குக் காசு கொடுத்து இரண்டை மட்டும் பயன்படுத்துகிறேன். எனக்கு அதில் வருத்தம் இல்லை. நம்பக்கூடிய இரண்டு எண்ணே போதும்.

அடுத்தது கறுப்பு. இலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது முக்கியம். அகச்சிவப்பில் இலை பாதியைத் திருப்பி அனுப்புகிறது, மீதியில் பெரும்பங்கை ஊடுருவ விடுகிறது. பின்னால் இருக்கும் பொருள் அதைத் திருப்பி அனுப்பினால் அதுவும் கணக்கில் சேர்ந்துவிடும். பழைய குடைத் துணியை இரண்டாக மடித்து ஒட்டியிருந்தேன். கண்ணுக்கு நல்ல கறுப்பு. இலையே இல்லாமல் அதை மட்டும் அளந்து பார்த்தபோது 810-இல் எண் ஏறிக் கிடந்தது. துணிச் சாயங்கள் பல கண்ணுக்கு மட்டும்தான் கறுப்பு, அகச்சிவப்பில் அவை வெளிறின துணிதான். கறுப்பு என்று கண் சொல்வதை நம்பக்கூடாது என்று அன்று தெரிந்தது. கடைசியில் அம்மா சொன்ன யோசனை: மண்ணெண்ணெய் விளக்கின் புகைக்கரி. கண்மை போல. புகைக்கரி எல்லா அலைநீளத்தையும் விழுங்கும். சோடா பாட்டில் மூடி ஒன்றின் உட்புறத்தை விளக்குச் சுடர் மேல் பிடித்துக் கரி படிய வைத்து, இலைக்கு அடியில் வாய் மேலாக வைத்தேன். இலை மூடியின் வாயில் கிடக்கும், உள்ளே இருக்கும் கரியைத் தொடாது, அதனால் அழியாது. துளைத் தட்டின் மேற்புறத்துக்கும் அதே கரிதான்.

வெள்ளைக்கு முதலில் ஏ4 தாளை வைத்தேன். மெல்லியது, பின்னால் இருப்பது தெரிகிறது, ஈரம் பட்டால் மாறுகிறது. அப்புறம் பத்து மில்லிமீட்டர் தடிமன் டெஃப்ளான் தகட்டில் ஒரு சதுரம் வெட்டி வாங்கி, உப்புத்தாளால் தேய்த்து மினுக்கம் போக்கினேன். கண்ணுக்குத் தெரியும் ஒளியிலிருந்து அகச்சிவப்பு வரை டெஃப்ளான் ஒரே சீராக வெள்ளை. ஆய்வகங்களில் வெள்ளை அளவுகோலாகப் பயன்படுவதும் டெஃப்ளான் வகைப் பொருள்தான். சேறு பட்டால் கழுவி மறுபடி தேய்த்துக்கொள்ளலாம்.

அளக்கும் முறை இப்படி. பல்பு எரிய, இலை இல்லாமல், கரி மூடியை மட்டும் அளக்க வேண்டும். அது கறுப்பு. டெஃப்ளானை அளக்க வேண்டும். அது வெள்ளை. அப்புறம் இலை. இலையிலிருந்து கறுப்பைக் கழித்து, வெள்ளையிலிருந்து கறுப்பைக் கழித்ததால் வகுத்தால் அந்த அலைநீளத்தின் எதிரொளிப்பு வரும். 810-இன் எதிரொளிப்பிலிருந்து 730-ஐக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் குறியீடு. கறுப்பும் வெள்ளையும் பத்து இலைக்கு ஒருமுறை எடுக்கிறேன். சோம்பல்பட்டு விட்ட நாட்களின் எண்களை நோட்டில் அடித்துவிட்டேன்.

மின்னணுப் பகுதி எளிது. இஎஸ்பி32 என்ற சிறு கணினிப் பலகை, சிறிய ஓஎல்இடி திரை, எஸ்டி கார்டு, ஒரு பொத்தான், பல்பை எரிக்க ஸ்விட்ச் மாதிரி ஒரு மாஸ்ஃபெட். சென்சாரும் இஎஸ்பி32-உம் இரண்டும் 3.3 வோல்ட் என்பதால் இடையில் எதுவும் தேவையில்லை. சென்சாருக்குப் போகும் ஒயரை முதலில் ஒன்றரை மீட்டர் விட்டிருந்தேன், அடிக்கடி உறைந்துபோனது. இருபது சென்டிமீட்டருக்குக் குறைத்ததும் சரியாயிற்று.

ஐப்பசியில் கும்பப்பூ நடவு. ரகம் டிபிஎஸ் 3, திருப்பதிசாரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவானது, நாஞ்சில் நாட்டு வயல்களுக்குப் பழக்கமானது. கருவியின் எண் என்ன சொல்கிறது என்று தெரிய வேண்டுமானால், எவ்வளவு உரம் போட்டது என்று உறுதியாகத் தெரிந்த பயிர் வேண்டும். மாமாவிடம் ஐந்து சென்ட் கேட்டேன். கடைசிக் கண்டத்தில் ஒரு மூலையைக் காட்டினார். ஒவ்வொரு சென்டாக ஐந்து பாத்தி. ஹெக்டேருக்கு 0, 50, 100, 150, 200 கிலோ தழைச்சத்து வீதம். 150 என்பது மத்திய கால ரகங்களுக்கான பொதுப் பரிந்துரை. ஒரு சென்ட் ஏறக்குறைய 40.5 சதுர மீட்டர், யூரியாவில் தழைச்சத்து 46 விழுக்காடு. அப்படியானால் பாத்திக்கு முறையே 0, 440, 880, 1320, 1760 கிராம் யூரியா. அதை நான்காகப் பிரித்து அடியுரம், தூர்கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், கதிர் வெளிவரும் பருவம் என்று போட வேண்டும். மளிகைக் கடைத் தராசில் எடைபோட்டு, பொட்டலம் கட்டி, ஒவ்வொன்றிலும் பாத்தி எண் எழுதிக் கொண்டுபோனேன். மணிச்சத்தும் சாம்பல்சத்தும் எல்லாப் பாத்திக்கும் ஒரே அளவு.

உரமே போடாத பாத்தி என்றதும் மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "புள்ளையப் பட்டினி போட்டுத் தூக்கிப் பாக்க மாதிரியில்லா இருக்கு" என்றார். அவரைச் சம்மதிக்க வைத்தது நான் இல்லை, அத்தை. "ஒரு சென்ட்தானே, அவன் படிச்சிட்டுப் போட்டும்" என்றார்.

பாத்திகளுக்கு நடுவில் வரப்பை நன்றாக உயர்த்தி, அடி வரை சேறு அப்பி, ஒவ்வொன்றுக்கும் தனி மடை வைத்தோம். இல்லாவிட்டால் கரைந்த யூரியா தண்ணீரோடு அடுத்த பாத்திக்குப் போய்விடும். அப்படியும் கார்த்திகை முதல் வாரம் ஒரு இரவு கொட்டிய மழையில் 50-க்கும் 100-க்கும் நடுவில் வரப்பு உடைந்தது. காலையில் போய்ப் பார்த்தால் இரண்டும் ஒரே குளம். அந்த இரண்டு பாத்திகளின் எண்களை அதற்குப் பிறகு நான் கணக்கில் சேர்க்கவில்லை. ஆக உறுதியாக நின்றது 0, 150, 200 மூன்றும்.

அளவு எடுப்பது மேலிருந்து மூன்றாவது, முழுதாக விரிந்த இலையில், இலையின் நடுப்பகுதியில். பாத்திக்குப் பத்து இலை. பனித்துளி இருந்தால் துடைத்துவிட வேண்டும். ஈர இலை தனியாக மினுங்கி எண்ணைக் கெடுக்கும். எந்த இலை, எந்த இடம் என்பதில் கண்டிப்பாக இல்லாவிட்டால் எல்லாம் வீண். பயிர் தழைச்சத்தைப் பழைய இலையிலிருந்து புது இலைக்கு இழுத்துக்கொள்ளும், ஆகவே அடி இலையும் மேல் இலையும் ஒரே செடியிலேயே வெவ்வேறு எண் காட்டும்.

கதிர் உருவாகும் பருவத்துக்கு முந்தின வாரம் கிடைத்த சராசரி: உரம் இல்லாத பாத்தி 0.07, 150 பாத்தி 0.14, 200 பாத்தி 0.15. இலைக்கு இலை 0.01 வரை ஏறி இறங்கும். முதல் எண்ணுக்கும் இரண்டாவதற்கும் நடுவில் தெளிவான இடைவெளி. பிந்தைய இரண்டுக்கும் நடுவில் நிச்சயமாகச் சொல்லக்கூடிய வித்தியாசம் இல்லை. அந்த அளவுக்கு மேல் போட்ட யூரியா பச்சையாகக் கூட மாறவில்லை என்றுதான் நான் அதைப் படித்தேன்.

அளந்த இலைகளையே காயவைத்துப் பொடித்துப் பன்னிரண்டு மாதிரிகள் ஒரு ஆய்வகத்துக்கும் அனுப்பினேன். கெல்டால் முறையில், அதாவது கந்தக அமிலத்தில் கரைத்து, அம்மோனியாவாக வடித்து, அளந்து சொல்வார்கள். 2.1 முதல் 3.3 விழுக்காடு வரை வந்தது. வரைபடத் தாளில் குறித்தால் என் குறியீட்டோடு ஏறத்தாழ ஒரே கோட்டில் நின்றன. அந்தத் தாளை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன், அவ்வளவு சந்தோஷம். ஆனால் அந்தக் கோட்டை வைத்து வேறு ரகத்துக்கோ வேறு பருவத்துக்கோ "இந்த இலையில் இத்தனை விழுக்காடு" என்று சொல்ல மாட்டேன். ரகத்துக்கு ரகம் இலையின் தடிமனும் பச்சையும் வேறு. வளர வளர அதே பயிரிலேயே விழுக்காடு குறைந்துகொண்டு வரும்.

அதனால் நான் கடைப்பிடிப்பது ஒப்பீடு. வயலிலேயே தழைச்சத்துக் குறைவு இல்லாத ஒரு சிறு துண்டு வைத்துக்கொள்வது. என் 200 பாத்தி அப்படிப்பட்டது. அதே ரகம், அதே நடவு நாள், அதே தண்ணீர், அதே காலை. வயலின் எண்ணை அந்தத் துண்டின் எண்ணால் வகுத்தால் போதும். ஸ்பாட் மீட்டரை வைத்து நடந்த ஆய்வுகளில் 90 அல்லது 95 விழுக்காட்டுக்குக் கீழே போனால் உரம் தேவை என்று வைத்துக்கொள்வது வழக்கம். அது அந்த மீட்டரின் எண்ணுக்கான வரம்பு. என் குறியீடு வேறு விதமாக ஏறி இறங்குவது, அப்படியே எடுக்க முடியாது. இலை வண்ண அட்டையில் 4-க்குக் கீழே வந்த இலைகளை என் கருவியிலும் அளந்து பார்த்து, எனக்கு 85 விழுக்காடு என்று வைத்திருக்கிறேன்.

இதற்கு நடுவில் நடந்த ஒன்றை விட்டுவிடக்கூடாது. நட்டு மூன்றாவது வாரம், நடுக் கண்டத்தில் மடையோரம் ஒரு திட்டு வெளிறிக் கிடந்தது. அளந்தேன். உரமில்லாப் பாத்தியின் எண் வந்தது. "மாமா, இங்க மட்டும் யூரியா போடணும்" என்று உறுதியாகச் சொன்னேன். அவர் குனிந்து ஒரு செடியைப் பிடுங்கி, இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது தழைக்கு ஏங்குகது இல்ல மக்கா. இஞ்ச பாரு, குருத்துப் பக்கம் நடு நரம்பு வெளுத்திருக்கு. கீழ இலையில துரு மாதிரிப் புள்ளி கெடக்கு" என்றார். துத்தநாகக் குறைவு. தழைச்சத்துக் குறைந்தால் மூத்த இலைதான் முதலில், புள்ளி எதுவும் இல்லாமல், சீராக மஞ்சளாகும். இது அப்படி இல்லை. அரை விழுக்காடு துத்தநாக சல்பேட்டும் ஒரு விழுக்காடு யூரியாவும் கலந்த கரைசலை இலைவழியாகத் தெளித்தோம், பதினைந்து நாள் கழித்து இன்னொரு முறை. திட்டு தேறிவிட்டது. என் பேச்சைக் கேட்டிருந்தால் யூரியாவைக் கொட்டிவிட்டுக் காத்திருப்போம். கருவிக்குத் தெரிவது பச்சை குறைந்தது என்பது மட்டும். துத்தநாகமோ, இரும்போ, கந்தகமோ, வேரில் நோயோ, எது குறைத்தாலும் அதற்கு ஒரே எண்தான். அன்றிலிருந்து எண் குறைவாக வரும் இடத்தில் முதலில் செடியைப் பிடுங்கி மாமாவிடம் கொடுக்கிறேன், அவர் பார்த்த பிறகுதான் நோட்டில் எழுதுகிறேன்.

கதிர் உருவாகும் பருவத்தில், 200 பாத்தியோடு ஒப்பிட்டால், முதல் கண்டம் 93 விழுக்காடு, நடுக் கண்டம் 91, கடைசிக் கண்டம் 79. மூன்றாவதுக்குத் தவணை யூரியா முழுவதும் போட்டார். முதல் இரண்டுக்கும் பாதி. "பாதி" என்பது அவர் முடிவு. எனக்கு ஒரு வாரம் தள்ளி மறுபடி அளக்கலாம் என்று தோன்றியது, ஆனால் வயல் அவருடையது, மழையும் வெறித்திருந்தது. கதிர் வெளிவரும் பருவத்தில் மறுபடி அளந்தேன். 97, 96, 88. முதல் இரண்டு கண்டங்களுக்கும் கடைசித் தவணையை நிறுத்தினார். ஏக்கருக்குத் தவணை 33 கிலோ என்ற கணக்கில், எழுபத்தைந்து சென்டில் முதலில் பாதியும் பிறகு முழுவதும் மிஞ்சியதைச் சேர்த்தால் ஏறக்குறைய 37 கிலோ. கடைசி மூட்டை பெரும்பாலும் குறையாமல் அறைப்புரையில் சாய்ந்து நின்றது. தை மாதக் கடைசியில் எதிர்பாராத ஒரு மழை பெய்தபோது என் 200 பாத்தி மட்டும் படுத்துவிட்டது. அதில் இலைச்சுருட்டுப் புழுவும் மற்றவற்றைவிட அதிகம் கிடந்தது. மூன்று கண்டமும் நின்றன.

மாசியில் அறுவடை முடிந்து வைக்கோல் கட்டும்போது மாமா கேட்டார், "கன்னிப்பூவுக்கும் அந்தப் பல்பு வருமா?" வரும் என்றேன். அதற்குள் சில வேலைகள் இருக்கின்றன. குழாய்க்குக் கைப்பிடி வைக்க வேண்டும், இருபது இலைக்கு மேல் விரல் வலிக்கிறது. துளைத் தட்டின் கரியைப் புதுப்பிக்க வேண்டும். கன்னிப்பூவுக்கு அவர் டிபிஎஸ் 5 போடுவதாகச் சொல்கிறார், குறுகிய கால ரகம், ஆகவே ஒப்பீட்டுத் துண்டை நடவன்றே பிரித்தாக வேண்டும். இந்த முறை அந்தத் துண்டைக் கடைசிக் கண்டத்தின் மூலையில் அல்ல, முதல் கண்டத்தின் நடுவில் கேட்டிருக்கிறேன். வரப்பை இரட்டையாகப் போடச் சொல்லியிருக்கிறார் அத்தை.